வலது பக்கத்துப் பொத்தான்

பல் டாக்டர் சோபாவில் உட்காரவில்லை. டிவிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு, கையோடு கொண்டுவந்த காலி அட்டைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஓட்டிக் காட்டுங்க சார், பாக்கலாம்" என்றார்.

சொன்ன பிறகுதான், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மடியில், துண்டுக்கு அடியில் அசையாமல் கிடந்த வலது கையைப் பார்த்தார். டாக்டர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேகரிப்பவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கைமாறும் முன், விற்கிறவர் உட்கார்ந்து முதல் கட்டத்தைக் கடைசிவரை ஆடிக் காட்டவேண்டும். எல்லாப் பொத்தானும் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

கடையில் கழித்துக்கட்டிய ஷோகேஸ் இப்போது வீட்டு ஹாலில் நின்றது. மூக்குக்கண்ணாடிகள் இருந்த தட்டுகளில் நாற்பத்தொரு பெட்டிகள். நாற்பதைப் பற்றி இன்று பேச்சில்லை. போவது இந்த ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பார்க்க. இது ஆட. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வாங்கியது. லென்ஸ் துடைக்கிற துணியைத் தவிர வேறு துணி அதன்மேல் பட்டதில்லை. அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. வெளியே கிளம்பும்போது "சக்களத்திகிட்ட சொல்லிட்டு வாங்க" என்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அப்புறம் பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. நாற்பது பெட்டிகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். இதைச் சும்மா பார்க்க அவரால் முடியவில்லை. ஆறு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டருக்கு அவரே போன் செய்து வரச்சொன்னார். கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் சங்கடத்தோடு ஜாய்ஸ்டிக்கை எடுக்கப் போனார்.

அதற்குள் சமையலறையிலிருந்து மனைவி வந்துவிட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணவரின் வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். ஜாய்ஸ்டிக்கின் இடது பாதியை அவர் கையில் வைத்தாள். வலது பாதியைத் தான் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அது ஒரு மோட்டார் சைக்கிள் ஆட்டம். ஒவ்வொரு தடவையும் அதே சாலை தானாக ஓடும், அதே பாட்டும் கூடவே ஓடும். வண்டியை ஒதுக்குவது இடது கட்டைவிரல். பள்ளத்தைத் தாண்டுவது வலது கட்டைவிரல். பள்ளம் கண்ணில் பட்ட பிறகு அமுக்கினால் கதை முடிந்தது, முன்கூட்டியே அமுக்கவேண்டும்.

முதல் பள்ளத்துக்கு 'இப்போ' என்று சொல்ல அவர் வாயெடுத்தார். வண்டி அதற்குள் தாண்டிவிட்டது.

இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதும்.

குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தார். ஆனால் அடுத்து வருவது இரட்டைப் பள்ளம். அவருக்கே அது பிடிபட ஒரு வருடம் ஆயிற்று. அதையும் அவள் தாண்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர் எதிரே லாரி வந்ததைக் கவனிக்கவில்லை. ஒதுக்கியிருக்க வேண்டியது அவருடைய விரல். வண்டி நேரே போய் மோதியது. ஆட்டம் முடிந்தது என்று நாலே சுரத்தில் ஒரு சோகப் பாட்டு ஒலித்தது.

அவள் கண்ணைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

"எங்க போற?"

"டீ எடுக்க" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கால் தானா எந்திரிச்சுப் போகுது பாருங்க. இந்தப் பாட்டு வந்தா நீங்க அவுட்டுன்னு அர்த்தம். அப்பக் கொண்டுவந்தாத்தானே ஆறாமக் குடிப்பீங்க?"

அவர் சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்து கையை நீட்டினால் ஆவி பறக்க டம்ளர் இருக்கும். இருபத்துமூன்று வருடமாக அதைத் தன் ராசி என்று நினைத்துக் குடித்திருக்கிறார். எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஒருத்தி, அடுப்பையும் பார்த்துக்கொண்டு, பள்ளம் பள்ளமாக அவர் கூடவே வந்திருக்கிறாள். அவளிடம் நன்றி என்று சொல்லவேண்டும் போல இருந்தது. மூன்றாம் மனிதர் எதிரில் எப்படிச் சொல்வது? கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ள இருந்தது ஒரே கை, அதிலும் ஜாய்ஸ்டிக்.

"டாக்டர்..." என்று ஆரம்பித்தார்.

டாக்டர் அட்டைப் பெட்டியைத் தட்டையாக மடித்துக்கொண்டிருந்தார். "எனக்குச் சர்க்கரை கம்மியா போடுங்கக்கா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

டிவியில், மறுபடியும் ஆடலாமா என்கிற கேள்வி விட்டு விட்டு மின்னியது. ஆமாம் என்பதற்கு உரிய பொத்தான் வலது பக்கம் இருந்தது. இடது கட்டைவிரலைக் கொஞ்சம் நீட்டினால் அவருக்கே எட்டும்.

அவர் நீட்டவில்லை. அவள் வந்து உட்காரட்டும் என்று காத்திருந்தார்.