சிவப்புப் பேனாவுக்கு எட்டாத வரி

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி, அச்சகத்தின் பின்னறை. பிழை திருத்துபவர் இன்றோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய பிரிவுபசார அட்டைக்கு அவரே கடைசி முறையாகப் பிழை பார்க்க வேண்டும். அவர் ஒரு கோடுகூடப் போடாத அட்டையாக அது இருக்க வேண்டும் என்று எழுத்துக் கோப்பவளுக்கு ஆசை. ஜன்னல் வெயில் ஈய எழுத்துகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. முழு வரியாக வார்த்து வைத்த தகடுகளின் இழுப்பறையிலிருந்து ‘ஈடு இணையற்ற சேவை’யை எடுக்கிறாள். அதன் மூலைகள் மழுங்கியிருக்கின்றன.

“அதை என் தலையில கட்டாதம்மா,” என்கிறார் அவர். “எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோன வாசகத்தை கிளிஷேன்னு சொல்றோமே, அது பிரெஞ்சு அச்சுக்காரங்க இந்தத் தகட்டுக்கு வச்ச பேருதான்.”

“போற அன்னிக்குமா சார் பாடம்? இருங்க, உங்களுக்குன்னு ஒண்ணு கோக்கிறேன்.”

தகட்டை உள்ளே போட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோக்கிறாள். மை காயாத தாளை அவர் முன் வைத்துவிட்டு, விரல்களைத் துணியில் துடைத்தபடி அவருடைய சிவப்புப் பேனா முனையையே பார்க்கிறாள். ‘இவர் அடித்த வரிகள் எல்லாமே அடிக்க வேண்டியவைதான்.’ அவர் இரண்டு முறை படிக்கிறார். மீசை லேசாக அசைகிறது.

“இதை அடிச்சா, நான் தப்பா அடிக்கிறவன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வசமா மாட்டிவிட்டியே,” என்று பேனாவை மூடுகிறார்.

எண்பது அட்டைகள் அச்சாகின்றன.