ஆறு வோல்ட்

அண்ணன் இறந்ததிலிருந்து அவருடைய பழைய டிராக்டர் கிளம்பவேயில்லை. உழவு தள்ளிப்போனதால், எலக்ட்ரீஷியனான தம்பி அதை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்ற வந்தான். தூக்கம் கெட்ட கண்களோடு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பழைய பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தாயிற்று. புதியதை இன்னும் பூட்டவில்லை. வெறும் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் ஆறில் நின்றது. வேறொரு மீட்டரிலும் அதே ஆறுதான்.

"அண்ணி, பேட்டரியே இல்லாம எங்கேருந்து கரண்ட் வருது?"

அவள் மெதுவாக எழுந்து வந்தாள். டிராக்டரின் காலியான இருக்கையைப் பார்த்து, அலுப்போடு சொன்னாள்: "போதுங்க, பாடாப் படுத்தாதீங்க. இனிமே நான் ஓட்டிக்கிறேன். இறங்குங்க."

முள் சரிந்து பூஜ்யத்துக்கு வந்தது. அதுவரை அமுங்கியிருந்த இருக்கை ஸ்பிரிங், ஒரு முனகலோடு மேலே எழுந்தது.