டிரிப் சுவிட்ச்

அன்றைக்கும் அதே இடத்தில்தான் கரண்ட் போயிற்று. கரண்ட் ஐயா பிரசங்கத்தை முடித்து, வேதத்தை மூடி, "அடுத்ததா அம்மா சாட்சி சொல்லுவாங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, ஹால் இருண்டுவிட்டது.

"கரண்ட் ஐயா வீட்டுலயே கரண்ட் இல்லன்னா நாங்க எங்க போறது?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கேலியில் நியாயம் இருந்தது. மின்வாரியத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்தபோது, இங்கே பிழைக்க வந்திருந்த நம்மவர்கள் ஆசையாய் வைத்த பெயர் அது. முன்னால் ஹாலில் மாலைக் கூட்டம், பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். வந்த நாளிலிருந்து ஒரு பல்பு கண் சிமிட்டியதில்லை. மகனும் மகளும் விடுமுறைக்கு வந்து இறங்கினார்கள், பிடித்தது சனியன்.

தினமும் பிரசங்கம் முடிகிற நேரத்துக்குக் கரண்ட் போகும். இவர் உள்ளே ஓடி, சுவிட்சை ஒரே தூக்காகத் தூக்கினால் எரியும். அதற்குள் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்திருப்பார்கள், கூட்டம் கலைந்துவிடும்.

லோடு தாங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தார். மகளின் ஹேர் டிரையரைப் பிடுங்கினார், மகனின் ஹீட்டரைப் பிடுங்கினார், வெந்நீர் கெட்டிலைப் பூட்டி வைத்தார். வேறு மிஷின் ஏதும் ஒளிந்திருக்குமோ என்று மகளின் பெரிய பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். காலி.

"போகும்போது நிரப்பிக்கலாம்னு கொண்டு வந்தேன்பா" என்றாள் மகள். "என் பல் தேய்க்கிற பிரஷ்ஷையாவது விட்டு வைங்க. அது கையாலதான் ஓடுது."

சிரிப்பாகத்தான் இருந்தது, அவருக்கு மட்டும் இல்லை. "அம்மாவை நீங்க இழுத்துட்டுப் போயிட்டீங்க" என்று மகன் போனில் ஒருமுறை சொன்னது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. பதில் சொல்லாமல் காத்திருந்தார். 'வீட்டையும் பெத்த பிள்ளைங்களையும் விட்டுட்டு வந்தேன், சந்தோஷமா வந்தேன்' என்று அவள் சாட்சி சொல்லும்போது கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதை இவன் ஒருதரம் காதால் கேட்கட்டும். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி, ஊழியத்துக்கு அனுப்பிய மிஷன் கேட்டிருக்கிறது. சரி என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்ல வேண்டும். அதற்குள் இவன் அந்தச் சாட்சியைக் கேட்டாக வேண்டும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு, சுவிட்ச் இருக்கும் அடுக்களைப் பக்கம் நடந்தார். ஹாலின் கதவோரம் உட்கார்ந்திருந்த மகனும் பின்னாலேயே வந்தான். சாட்சிக்கு முன்னால் தொண்டையை நனைத்துக்கொள்ள வரும் மனைவி, மெழுகுவத்தியை ஏற்றிப் பிடித்தபடி ஆயத்தமாக நின்றிருந்தாள்.

"வா, கத்துக்கோ" என்றார் மகனிடம். கோபத்திலும் அவருக்கு விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. "இதுக்குப் பேரு டிரிப் சுவிட்ச். உள்ள ஒரு ஸ்பிரிங் கொக்கி இருக்கு. லோடு ஏறினா கொக்கி விட்டுடும். அப்ப இந்த மூக்கு முழுசா கீழ வராது, பாதியில தொங்கும். அதை அப்படியே தூக்கினா நிக்காது. முதல்ல அடி வரைக்கும் அழுத்தணும், அப்புறம்தான் மேல..."

அவர் பேச்சு நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் சுவிட்சின் மூக்கு அடி வரைக்கும் இறங்கியிருந்தது. இத்தனை நாளும் ஒரே தூக்கில் எரிந்ததும் அப்போதுதான் உறைத்தது.

"இது தானா விழல" என்றார் மெல்ல. "கை வெச்சு இறக்கியிருக்கு."

டார்ச்சை மகன் பக்கம் திருப்பினார்.

"ஏண்டா, அம்மா சாட்சியைக் கேக்கப் பிடிக்கலன்னா எந்திரிச்சு வெளிய போயிருக்கலாமே. ஜெபம் நடக்கிற இடத்துலயாடா உன் வேலையைக் காட்டுவ?"

"நான் இல்லப்பா."

"பின்ன யாரு, சாத்தானா?"

"அவனை விடுங்க" என்றாள் மனைவி. "நான்தான்."

அவர் டார்ச்சை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

"மத்தவங்க முன்னால சொல்லிடுவேன், பழகிப்போச்சு" என்றாள். "இதுங்க மூஞ்சியைப் பாத்துட்டு அந்தப் பொய்யைச் சொல்ல வரலைங்க."

அவள் சாட்சி சொன்ன ஒவ்வொரு மாலையும் முதலில் 'ஆமென்' என்றது அவர் குரல்தான். அதுவும் உரக்க.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீங்க அதுக்கும் ஜெபம் பண்ணினீங்க."

அவள் கையை நீட்டிச் சுவிட்சைத் தூக்கினாள். ஒரே தூக்கில் எரிந்தது.

வெளிச்சத்தில் படுக்கையறை திறந்து கிடந்தது தெரிந்தது. கட்டிலின் மேல் காலியாக வந்த மகளின் பெட்டி; அதில் மனைவியின் துணிமணி மடித்து அடுக்கியிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் தரையைப் பார்த்தான். வீட்டில் இவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஹாலிலிருந்து யாரோ, "ஐயா, சரியாயிடுச்சா? நாளைக்கும் போகுமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு அவள்தான் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"இனிமே போகாதுங்க. காலையில நான் பிள்ளைங்களோட கிளம்பறேன்."