லாரிக் கண்ணாடிக்குத் தண்ணீர்

“பாத்தியா! ஜப்பான்காரன் லோரி இன்னைக்கும் அவன் பட்டறைக்குத்தான் போகுது!”

பொன்னுதுரைக்கு வயிறு எரிந்தது. காஜா பெராங் சாலையில் எதிரெதிராக இரண்டு பட்டறைகள். ஒன்று அவருடையது, மற்றது வேலாயுதத்தினுடையது. யுத்தம் மூண்டு ஜப்பான்காரன் ஊரைப் பிடிப்பதற்கு முன்னால் இருவரும் ஒரே வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர்கள். அங்கே பொன்னுதுரைதான் பெரிய மெக்கானிக்.

இப்போது அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“மொதல்ல உள்ள வாங்க,” என்றாள் மனைவி சீதா. “வேலையில்லாத ஆம்பளைங்களப் புடிச்சு சயாம் ரயிலு போட ஏத்திக்கிட்டுப் போறானுங்க. பக்கத்துல பத்து பெரெண்டாம் ஊருல நேத்துகூட புடிச்சிருக்கானுங்க. வேலாயுதம் அண்ணன் கையில ஜப்பான்காரன் கட்டிவிட்ட பட்டை இருக்கு, யாரும் தொட மாட்டான். உங்க கையில என்ன இருக்கு?”

அந்தப் பட்டைதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

“என்ன பெரிய வேலை செஞ்சிட்டான்? ஒரு பிஸ்கட் டின்னு, ஒரு ரப்பர் டியூப்பு!”

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் கிடைக்காமல் கரியடுப்பு மூட்டி ஓட்டும் பழைய லாரி அது. புகை அப்பி முன்கண்ணாடியில் வழியே தெரியாது. வேலாயுதம் கூரைமேல் ஒரு டின்னில் தண்ணீர் ஊற்றி வைத்து, டியூப் வழியாகக் கண்ணாடியில் வடியும்படி செய்து கொடுத்திருந்தான். அது ஒழுகி டிரைவர் மடியை நனைத்தால், லாரி நேரே அவனிடம் வந்து நிற்கும்.

இன்றும் ஒழுகல்தான். டியூப் டின்னோடு சேரும் இடத்தில், ரப்பர் பாலில் நனைத்த துணியை வேலாயுதம் சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஜப்பான் ராணுவ சார்ஜன் அவனுக்கு ஒரு சிகரெட் நீட்டினான்.

சிகரெட்டைப் பார்த்ததும் பொன்னுதுரைக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று சாலையைக் கடந்தார். ஜப்பான் பாஷை தெரியாது. தெரிந்த மலாயில், டியூப்பையும் வேலாயுதத்தையும் மாறி மாறிக் காட்டிக் கத்தினார்.

“துவான்! டியா சூரி! டியா சூரி!”

ஐயா, இவன் திருடுகிறான் என்று அர்த்தம். ஜப்பான்காரனிடம் திருடியவன் தலை கழுத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

வேலாயுதத்தின் கை நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

சார்ஜனோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். “ஹாய், சூரி! சூரி!” என்று ஆமாம் போட்டு வேலாயுதத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

பொன்னுதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. திருடினால் தட்டிக்கொடுப்பார்களா?

அடுத்து சார்ஜனின் பார்வை அவர் கைமேல் விழுந்தது. பட்டை இல்லை. சிரிப்பு மறைந்தது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து லாரிப் பக்கம் இழுத்தான்.

“சயாம்!”

எதிர்ப்பக்கத்திலிருந்து சீதா அலறினாள்.

வேலாயுதம் குறுக்கே ஓடிவந்தான். சார்ஜனுக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்கி, பொன்னுதுரையை நோக்கி விரல் நீட்டினான்.

“சூரி! சூரி!”

தொலைந்தோம்! வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான் பாவி. சயாம்கூட இல்லை, இங்கேயே கதை முடிந்தது. பொன்னுதுரை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கையில் ஏதோ இறுகியது. கண்ணைத் திறந்தால், பட்டை! சார்ஜனே தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

லாரி கிளம்பிப் போனதும் பொன்னுதுரை வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார்.

“அவன்கிட்ட என்னடா சொன்ன?”

“அவன் பாஷையில சூரின்னா ரிப்பேருண்ணே. நீங்களும் ரிப்பேர் வேலைக்காரர்தான்னு சொன்னேன்.”

 பொன்னுதுரை அவசர அவசரமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

“அட, நானும் உன்னைப் பத்தி அதைத்தான்டா சொன்னேன்!”

விரலில் காய்ந்துபோன ரப்பர் பாலை உரித்துக்கொண்டே வேலாயுதம் சொன்னான்:

“இல்லண்ணே. நீங்க மலாய்ல சொன்னீங்க.”