அறுநூற்று நாற்பது சோதனைகள்

போர்ட் பிரி நகரத்து ஈய ஆலையில் ஆறு நாள் கிரேன் ஓட்டிவிட்டு, ஞாயிறு முழுக்க நோரீன் குவொக்காவோடு மல்லுக்கு நிற்பாள். குவொக்கா ஒரு கணினி மொழி. உலகத்தில் முந்நூறு பேர்கூட அதில் நிரல் எழுதுவதில்லை. அதை விண்டோஸில் ஓடவைக்க அவள் மூன்று வருடம் உழைத்திருந்தாள். இரண்டு விண்டோஸ் கணினிகள் எல்லாச் சோதனைகளிலும் தேறியதாக அறிக்கை அனுப்பினால்தான் வெளியிடலாம் என்பது அந்த மொழியை உருவாக்கும் குழுவின் விதி. இன்று மாலைக்குள் முடியாவிட்டால் விண்டோஸையே கைவிட்டுவிடுவார்கள். அவளிடம் இருந்தது ஒரே கணினி. 611 சோதனையிலும் அது தேறியிருந்தது.

நான்கு மணிக்கு டாரில் போன் செய்தான். குழுவில் வெளியிடும் பொறுப்பு அவனுடையது.

“அடியே கள்ளி, ரெண்டாவது மெஷின் எப்ப வாங்கின?”

“வாங்கலியே.”

“உன் பேர்லதான் அறிக்கை வந்திருக்கு. 640க்கு 640.”

“நம்மகிட்ட 611தானேடா இருக்கு?”

“மிச்சம் இருபத்தொம்பதும் நீ எழுதினதாம். தேதி அடுத்த வருஷம். எனக்கென்ன, விதிப்படி ரெண்டு மெஷின். வெளியிட்டாச்சு, போ!”

நோரீன் சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள்.

“அதுங்க பேரெல்லாம் வாசிக்கட்டுமா?”

“வாயத் திறக்காத.”

போனை வைக்காமலே உட்கார்ந்து 612ஆவது சோதனையை எழுதினாள். ஃபைல் பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை. அதற்கு ‘பல்லுப்போன ஃபோர்மேன்’ என்று பேர் வைத்து, அவனிடம் சொன்னாள்.

மறுமுனையில் டாரில் அந்த அறிக்கையில் 612ஐத் தேடினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

“இங்கயும் அதே பேருதான்டி! அடுத்ததையும் எழுது, எழுது” என்றான்.