செவலை போட்ட வேலி

செவலை நாய் செத்த மறுமாதம், பக்கத்துத் தோட்டத்து நல்லசிவம் ரோட்டைச் சுற்றாமல் தோட்டத்துக் குறுக்கே நடந்து வந்தான்.

“இனி மறிக்கறதுக்கு நாய் இல்லீங்க்கா. ஆடுக எஞ்சோளத்துல பூந்துரும். கம்பிவேலி போட்டுருங்க.”

ரங்காத்தாள் தன் ஆட்டுப்பட்டியைத் திறந்தாள். ஆடுகள் சோளத்தைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடின. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே, ஆயுசெல்லாம் செவலை நடந்து நடந்து புல் முளைக்காமல் போன ஒற்றைத் தடம். அதற்கு இந்தப் பக்கமே அத்தனையும் நின்றுவிட்டன. செவலையைக் கண்டேயிராத, போன வாரம் பிறந்த குட்டி மட்டும் துள்ளிக்கொண்டு போனது.

“புடிங்க்கா!” என்று கத்தினான் நல்லசிவம்.

தடத்தருகே குட்டி தூக்கிய காலை அப்படியே மடக்கிக்கொண்டு நின்றது. யாரோ அதட்டியதுபோல் திரும்பி ஓடிவந்து தாயின் மடியை முட்டியது.

“வேலி செவலை போட்டுட்டுத்தான் போயிருக்கறான்” என்றாள் ரங்காத்தாள்.

நல்லசிவம் தடம்வரை போய்ச் சற்று நின்றான். பிறகு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.