மைக் இல்லாத ஹெட்போன்

"மைக் இல்லாத ஹெட்போன் ஒண்டு எடு பார்த்தீபன். கேம் விளையாடுறதுக்கு."

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த தன் கடையில் பார்த்தீபன் ஒரு கணம் விழித்தான். கேட்டவர் வினிபிரட் ரீச்சர். உடுப்பிட்டியில் அவனுக்குக் கணிதம் படிப்பித்தவர், ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் தனி ஆள். ஒரே மகன் ஜொனதன் நோர்வேயில் இருக்கிறான். பார்த்தீபனோடு ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

கேம் விளையாடுகிறவர்கள் மைக்குக்காகத்தான் இதை வாங்குகிறார்கள் என்று பார்த்தீபன் விளக்கினான். எதிரி எங்கே நிற்கிறான் என்று வாய் திறந்து சொல்லாவிட்டால் கூட்டாளி செத்துப்போவான். ரீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வீட்டுப்பாடம் செய்யாத மாணவனிடம் பேசுகிற அதே குரலில், மைக் வேண்டாம் என்றார்.

அந்தக் குரல் என்றால் அவனுக்கு இன்றைக்கும் பயம். நாலு பெட்டிகளை இறக்கி வைத்தான்.

ரீச்சர் முதலாவதைக் கையில் எடுத்தார். காதில் போடுவதற்கு முன் கண்ணை மூடி, தலை குனிந்து, ஒரு சின்ன ஜெபம். பார்த்தீபனுக்குச் சிரிப்பு வந்தது. வினாத்தாள் கொடுக்கும் முன்பும் இப்படித்தான், பஸ் ஏறும் முன்பும் இப்படித்தான். மனதுக்குள் ஜெபிப்பதாக அவருக்கு நினைப்பு. கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்.

குண்டுச் சத்தமும் காலடிச் சத்தமும் போட்டுக் காட்டி, எது எந்தப் பக்கம் என்று தெரிகிறதா என்று கேட்டான். அதெல்லாம் முக்கியமில்லையாம். ஆட்கள் கதைக்கிற குரல் மட்டும் துப்பரவாகக் கேட்க வேண்டுமாம். குண்டு கேட்காவிட்டாலும் பரவாயில்லையாம். இப்படியொரு ஆளுக்கு அவன் இதுவரை சாமான் விற்றதில்லை. யாருக்கு என்று அறியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"ஆர் ரீச்சர் விளையாடுறது?"

"நான்தான்."

அவன் சிரித்தான். ரீச்சர் சிரிக்கவில்லை.

கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். ஜொனதன் வசந்தினி என்ற சைவப் பெண்ணுக்குப் பிள்ளையார் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். ரீச்சர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு மகன் தொலைபேசி எடுப்பதை விட்டுவிட்டான். இரண்டு வருடம். ரீச்சரின் தங்கை மகள் அபிகாயில்தான், ஜொனதன் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாலைந்து தமிழ்ப் பெடியன்களோடு சேர்ந்து இணையத்தில் கேம் விளையாடுவதைக் கண்டுபிடித்தாள். லெனாட் என்று பெயர் வைத்து ரீச்சரையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். அவர்களுக்கு லெனாட், கூச்சத்தில் வாயே திறக்காத ஒரு கொழும்புப் பெடியன்.

ஆறு மாதமாக ரீச்சர் ஓடுகிறார், சுடுகிறார், அனேகமாக முதல் ஆளாகச் செத்தும் போகிறார். செத்த பிறகும் எழும்பாமல் இருந்து மகன் கதைப்பதைக் கேட்கிறார்.

"பழைய ஹெட்போனிலை ஒரு பக்கம் கேக்குதில்லை," என்றார். "மைக்குக்கு மேலை பிளாஸ்ரர் ஒட்டித்தான் வைச்சிருக்கிறன். அது எப்பவாவது கழண்டு, என்ரை குரல் கேட்டுதெண்டால் அவன் அந்த விளையாட்டையும் விட்டிட்டுப் போயிடுவான். பிறகு எனக்கு அவன்ரை குரலும் இல்லை."

 பேச்சை மாற்ற, பெடியன்கள் எப்படி என்று பார்த்தீபன் கேட்டான். ரீச்சரின் முகம் மலர்ந்தது.

"நல்ல ஒழுக்கமான பெடியள். ஆட்டம் துவங்க முன்னம் ஒரு நிமிசம் ஒருத்தரும் மூச்சுக் காட்டமாட்டாங்கள். உவன் ஜொனதன்தான் பழக்கியிருப்பான்."

குரல் மிகத் தெளிவாகக் கேட்கிற ஒன்றை அவன் தெரிந்தெடுத்தான். அதில் மைக் இருந்தது. ஆனால் கழற்றிப் பூட்டக்கூடியது. ரீச்சரின் கண் முன்னாலேயே அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான். நாளைக்குச் சனிக்கிழமை, இனிப் பயமில்லாமல் விளையாடலாம் என்றான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரீச்சர் பஸ் ஏறினார்.

சத்தியம் பத்து நிமிடம்தான் தாங்கியது. ஒரு தாய் மகனின் குரலுக்காகத் துவக்குத் தூக்கித் திரிகிறாள், இவன் என்ன மனிதன் என்று பார்த்தீபனுக்குக் கோபம் கோபமாக வந்தது. நோர்வேக்கு அழைத்தான்.

"மச்சான், உங்கடை ரீமிலை லெனாட் எண்டு ஒருத்தன்..."

"அம்மா எண்டு தெரியும்," என்றான் ஜொனதன். "எனக்குத் தெரியுமெண்டு அவவுக்குச் சொல்லிப்போடாதை. வெக்கத்திலை வாறதை விட்டிடுவா."

பார்த்தீபனுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ரீச்சர் கடைக்கு வந்ததையும், பழைய மைக்கில் பிளாஸ்ரர் ஒட்டி வைத்திருந்ததையும், தான் புதியதில் மைக்கைக் கழற்றிவிட்டுக் கொடுத்ததையும் கொஞ்சம் பெருமையோடேயே சொன்னான்.



"நாளைக்குக் காலமை முதல் வேலையாய்ப் போய், என்னத்தையாவது சொல்லி அந்த மைக்கைப் பூட்டிவிடு மச்சான்." ஜொனதனின் குரல் உடைந்திருந்தது. "பிளாஸ்ரர் ஒட்டினால் மைக்குக்குக் காது கேக்காமல் போகாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னமும் அம்மா எங்கள் ரெண்டு பேரின்ரையும் பேர் சொல்லி ஜெபம் பண்ணுறவ. அதைக் கேக்கத்தான் ஆறு மாசமாய் நானும் வசந்தினியும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு பக்கம் காதிலை வைச்சுக்கொண்டு இருக்கிறம்."